சஞ்சிகையின் விலையும் பயனும்

திருகோணமலைத் துறைமுகத்தின் உட்கடலை வளைந்து செல்லும் பாதையிலே, சீனன்குடாப் பக்கத்தை அடைவோர் ஒரு புதுமையான காட்சியைக் காண்பர். காட்டு மரங்களுக்கிடையே பெரிய பெரிய இரும்புக் குதங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. இரண்டு உலக யுத்தங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், பிரித்தானியக் கடற்படையின் தேவைக்கென எண்ணெய்க் குதங்கள் பல அங்கே அமைக்கப்பட்டன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10,000 தொன் எண்ணெய் கொள்ளத்தக்கது. 1942ஆம் ஆண்டு ஏப்ரில் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது அக்குதங்களுள் ஒன்று தீக்கிரையாயிற்று. 1957இல் கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் பின்னர் பல்லாண்டு காலம் குதங்களிற் பெரும்பாலானவை வெறுமையாகவே நின்றன. சுவர்களிற் கொடி படர்ந்தது. 2022 சனவரியிலேதான் அவற்றை 14, 61, 24 என மூன்று பங்காகப் பிரித்து, மீண்டும் பயன்கொள்வதற்கான உடன்படிக்கை எழுதப்பட்டது.

பெரும் பொருள் செலவிட்டு ஆக்கிய களஞ்சியம் ஒன்று எத்துணைப் பெரியது என்பதை அறிவது எளிது. அளவுகோல் கொண்டு அளந்துவிடலாம். அதனுள் எத்துணைப் பண்டம் ஏறி இறங்கிற்று, அதனால் யாருடைய விளக்கு எரிந்தது என்பதை அறிவதற்கோ நாடோறும் கணக்கு வைத்தல் வேண்டும். இந்த இரண்டாவது கணக்கைப் பற்றியதே இப்பேச்சு. ஆனால் இங்கே ஆராயப்படும் பண்டம் எண்ணெயன்று, அறிவு.

துறைமுக நகரிலிருந்து நிலாவெளி வீதி வழியே வடக்கு நோக்கிச் சென்றால், கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. 2001இல் வளாகமாக நிலைபெற்ற அந்நிறுவனத்திலே கணினி விஞ்ஞானமும் முகாமைத்துவமும் தொடர்பாடலும் சித்த மருத்துவமும் கற்பிக்கப்படுகின்றன. இத்தகைய எந்தச் சிறு வளாகத்தின் நூல் நிலையத்துக்கும் ஆண்டுதோறும் ஒரு சோதனை வந்து சேரும். எந்த ஆராய்ச்சிச் சஞ்சிகைக்குச் சந்தா கட்டுவது, எதனை நிறுத்துவது என்பதே அச்சோதனை. பொதுமக்களின் வரிப்பணத்திலிருந்து கிடைத்த தொகை ஒரு பக்கம். அந்தச் சஞ்சிகையை எதிர்பார்த்திருக்கும் மாணவர் ஒரு பக்கம். இவ்விரண்டுக்கும் நடுவே நூலகர் நிற்கிறார். அவர் கையிலே எந்தத் தராசு இருக்கிறது? அந்தத் தராசு எங்கே, யாரால் செய்யப்பட்டது? இவற்றுக்கு விடை காண வேண்டுமாயின் வரலாற்றிற் சற்றுப் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

நூலுக்கும் சஞ்சிகைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நூல் ஒருமுறை விலை கொடுத்து வாங்கப்படுவது. சஞ்சிகையோ ஆண்டுதோறும் சந்தா கேட்பது. நூலை வாங்குவது காணி வாங்குவதை ஒக்கும். சஞ்சிகைக்குச் சந்தா கட்டுவது குத்தகை செலுத்துவதை ஒக்கும். ஆயினும் புதிய கண்டுபிடிப்பு எதுவும் முதலிலே நூலாக வெளிவருவதில்லை. சஞ்சிகைக் கட்டுரையாகவே வெளிவருகிறது. ஆகவே ஆராய்ச்சி செய்வோர்க்கு இந்தக் குத்தகையிலிருந்து தப்ப வழியில்லை.

இவ்வகைச் சஞ்சிகைகள் தோன்றியது 1665ஆம் ஆண்டில். அவ்வாண்டு சனவரியிற் பாரிசு நகரிலும், மார்ச்சு மாதம் இலண்டனிலும் முதலிரு சஞ்சிகைகள் வெளிவந்தன. இலண்டனில் வெளிவந்ததனை நடத்தியவர் ரோயல் சங்கத்தின் செயலாளராகிய என்றி ஓல்டன்பேர்க் என்பவர். ஏறத்தாழ 90 ஆண்டுகள் சங்கச் செயலாளர்களின் சொந்தப் பொறுப்பிலே நடந்த அச்சஞ்சிகையை 1752இற் சங்கமே ஏற்றுக்கொண்டது. அக்காலத்து அறிஞர் சங்கங்கள் இத்தகைய வெளியீட்டை வியாபாரமாகக் கருதவில்லை. உறுப்பினர்க்கு இலவசமாகக் கொடுத்தன. பிறநாட்டுச் சங்கங்களுக்கு அனுப்பி, அவற்றின் வெளியீடுகளைப் பதிலாகப் பெற்றன. பண்டமாற்றுப் போல அறிவுமாற்று நடந்தது.

இந்த அலை இலங்கைக் கரையையும் வந்தடைந்தது. 1845இல் ரோயல் ஆசிய சங்கத்தின் இலங்கைக் கிளை தோன்றித் தன் சஞ்சிகையைத் தொடங்கிற்று. 1903இற் கொழும்பு நூதனசாலை, 'ஸ்பொலியா செலனிக்கா' என்னும் இயற்கை வரலாற்றுச் சஞ்சிகையை வெளியிட்டது. அக்கரையிலே பாண்டித்துரைத் தேவர் முயற்சியால் 1901இல் எழுந்த மதுரைத் தமிழ்ச் சங்கம், 'செந்தமிழ்' என்னும் மாத வெளியீட்டை நடத்திற்று. அச்சங்கத்தின் பண்டிதர் தேர்விலே தேறியவரும், பின்னாளிலே திருகோணமலை இந்துக் கல்லூரியை வழிநடத்தியவருமாகிய விபுலானந்த அடிகள், 1920களின் தொடக்கத்திற் சென்னையிலே 'இராமகிருஷ்ண விஜயம்', 'வேதாந்த கேசரி' ஆகிய இதழ்களுக்கு ஆசிரியராக இருந்தார் என்பதை நேயர்கள் பலர் அறிந்திருப்பர். 1952இல் தனிநாயக அடிகளார் 'தமிழ்க் கலாசாரம்' எனப் பொருள்படும் பெயரோடு ஓர் ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கி, தமிழாராய்ச்சியை உலகறியச் செய்தார். இவையெல்லாம் இலாபத்தை நோக்காத முயற்சிகள். இவற்றின் சந்தா, நூல் நிலையத்தின் முதுகை முறிக்கும் சுமையாக இருக்கவில்லை.

ஆயினும் சந்தா சிறிதாக இருந்த காலத்திலும், 'வாங்கியது பயன்பட்டதா?' என்னும் கேள்வியை எழுப்பிய ஒருவர் தமிழகத்திலே தோன்றினார். அவரே சீர்காழியிற் பிறந்த இரங்கநாதன்.

சீ. இரா. இரங்கநாதன் 1892இற் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியிலே கணிதம் கற்பித்தவர். 1924 சனவரியிலே சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக நியமிக்கப்பட்டார். மாணவர் நிறைந்த வகுப்பிற் பேசிப் பழகியவருக்கு, ஆளரவமற்ற நூல் நிலையம் சிறைபோலத் தோன்றியது. தம்மை மீண்டும் கல்லூரிக்கே அனுப்பிவிடும்படி வேண்டினார். முதலில் இங்கிலாந்து சென்று நூலகப் பயிற்சி பெற்று வருமாறும், அதன் பின்னரும் விருப்பமில்லையாயின் திரும்பிச் செல்லலாம் என்றும் அவருக்குச் சொல்லப்பட்டது. சென்றார், இலண்டனிலே பயின்றார், அந்நாட்டு நூல் நிலையங்கள் பலவற்றை நேரிற் கண்டார். 1925இல் திரும்பியபோது அவர் கல்லூரியைத் தேடவில்லை. ஏறத்தாழ 20 ஆண்டுகள் அந்நூல் நிலையத்தையே தம் இல்லமாகக் கொண்டார்.

1931இல் அவர் வெளியிட்ட நூலிலே ஐந்து விதிகளைக் கூறினார். நூல்கள் பயன்படுத்துவதற்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர், வாசகரின் நேரத்தைப் போற்றுக, நூல் நிலையம் வளரும் உயிர். இவையே அவ்விதிகள். கேட்கும்போது இவை எல்லோரும் அறிந்த செய்திகள்போலத் தோன்றலாம். ஆனால் இடைக்கால ஐரோப்பாவில் நூல்களை இரும்புச் சங்கிலியாற் பிணைத்து வைத்திருந்தனர் என்பதை நினைத்தால் முதல் விதியின் வலிமை புலப்படும். சங்கிலி போன பின்னரும், நூலைக் காப்பதே தம் கடமை, கொடுப்பது அன்று என எண்ணிய நூற்காவலர் உலகெங்கும் இருந்தனர். அவர்களை நோக்கியே இரங்கநாதன் பேசினார்.

சஞ்சிகைகளைப் பொறுத்தவரை அவர் செய்த காரியம் மிக எளியது, மிகப் பயனுள்ளது. சந்தா முழுவதையும் ஆண்டுத் தொடக்கத்திலேயே கட்டிவிடுகிறோம். ஆனால் இதழ்களோ மாதந்தோறும் கப்பலேறி வருகின்றன. இடையில் ஓரிதழ் வராமற் போனால் யார் கவனிப்பார்? ஆறு மாதங் கழித்துக் கேட்டால், 'அவ்விதழ் தீர்ந்துவிட்டது' என்று பதில் வரும். தொகுதி குறைபட்டு நிற்கும். இக்குறையைத் தீர்க்க இரங்கநாதன் மூன்று அட்டைகளைக் கொண்ட ஒரு முறையை வகுத்தார். முதல் அட்டை, வந்த இதழைப் பதிவது. இரண்டாவது அட்டை, அடுத்த இதழ் எந்த வாரம் வரவேண்டுமோ அந்த வாரத்துக்குரிய இடத்தில் வைக்கப்படுவது. இதழ் வந்தவுடன் அந்த அட்டை அடுத்த இதழுக்குரிய வாரத்துக்கு மாறும். வாரம் முடிந்த பின்னரும் ஓர் அட்டை அங்கேயே தங்கியிருக்குமாயின், அதுவே 'இதழ் வரவில்லை' என்று கூவும். உடனே நினைவுக் கடிதம் போகும். மூன்றாவது அட்டை, எந்தத் துறையில் எந்தச் சஞ்சிகையின் எந்தத் தொகுதிகள் கைவசம் உள்ளன என்பதை வாசகர்க்குக் காட்டுவது.

கொடுத்த பணத்துக்குப் பண்டம் வந்ததா என்பதை இம்முறை காட்டியது. வந்த பண்டத்துக்கு வாசகர் உண்டா என்னும் அடுத்த கேள்விக்கு விடை தேடிய முயற்சி, ஏறக்குறைய அதே காலத்தில், உலகின் வேறு மூலைகளிலே நடந்துகொண்டிருந்தது.

1927இல் கலிபோர்ணியாவிலுள்ள பொமோனாக் கல்லூரியைச் சேர்ந்த குரோஸ் என்னும் குடும்பப் பெயருடைய இருவர் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டனர். ஒரு சிறிய கல்லூரியின் நூல் நிலையம் இரசாயனத்துறையில் எந்தச் சஞ்சிகைகளை வாங்க வேண்டும் என்பதே அவர்களது ஐயம். பேராசிரியர்களைக் கேட்டால் ஒவ்வொருவரும் தத்தமக்குப் பிடித்ததையே சொல்வர். ஆகவே அவர்கள் வேறு வழி கண்டனர். அமெரிக்க இரசாயனச் சங்கச் சஞ்சிகையின் 1926ஆம் ஆண்டுத் தொகுதியை எடுத்து, அதிலுள்ள கட்டுரைகளின் அடிக்குறிப்புகள் எந்தெந்தச் சஞ்சிகைகளைச் சுட்டுகின்றன என்று ஒவ்வொன்றாக எண்ணினர். 3,633 சுட்டுகள் இருந்தன. அவை 247 சஞ்சிகைகளைச் சேர்ந்தவை. ஆனால் அந்த 247உம் சமமாகச் சுட்டப்படவில்லை. ஒரு சிலவே மீண்டும் மீண்டும் வந்தன. அக்கணக்கிலே செருமன் மொழிச் சஞ்சிகைகள் சிறப்பிடம் பெற்றன. இரசாயனம் கற்கும் அமெரிக்க மாணவர் செருமன் மொழியும் கற்க வேண்டும் என்பது அந்த எண்ணிக்கை தந்த புத்திமதியாயிற்று.

ஏழாண்டுகள் கழித்து, 1934இல், இலண்டன் விஞ்ஞான நூதனசாலை நூல் நிலையத்தின் தலைவர் பிராட்போர்ட் மற்றொரு கணக்கை வெளியிட்டார். பூமியின் உள்ளமைப்பை ஆராயும் ஒரு துறையிலே நான்காண்டுக் காலத்தில் வெளிவந்த 1,332 கட்டுரைகள் 326 சஞ்சிகைகளிற் சிதறிக் கிடந்தன. அவற்றை அவர் மூன்று வட்டமாகப் பிரித்தார். முதல் வட்டத்தில் 9 சஞ்சிகைகள்; அவை 429 கட்டுரைகளைத் தந்தன. இரண்டாம் வட்டத்தில் 59 சஞ்சிகைகள், 499 கட்டுரைகள். மூன்றாம் வட்டத்தில் 258 சஞ்சிகைகள். அத்தனையும் சேர்ந்து தந்தவை 404 கட்டுரைகளே.

இந்த எண்களைச் சற்று நின்று நோக்குதல் நன்று. முதற் பங்கு அறிவை 9 சந்தாவாற் பெறலாம். கடைசிப் பங்கு அறிவைப் பெற வேண்டுமாயின் 258 சந்தா வேண்டும். செல்வம் மிக்க நூல் நிலையமும் எல்லாவற்றையும் வாங்க முடியாது என்பதும், எளிய நூல் நிலையமும் தக்க ஒன்பதைத் தேர்ந்தால் வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை என்பதும் இதனால் விளங்கும். ஆயினும் அந்த வெளிவட்டத்து 404 கட்டுரைகள் பதர் அல்ல. ஒருவர் தேடும் விடை அவற்றுள் ஒன்றிலே இருக்கலாம்.

இந்த இரண்டாவது உண்மையைக் கைவிடாது, செயலிற் காட்டியவர் அதே விஞ்ஞான நூதனசாலை நூல் நிலையத்திற் பணியாற்றிய டொனால்ட் ஏர்க்காட். 1956இல் அந்நூல் நிலையம் பிற நிறுவனங்களுக்கு இரவல் கொடுத்ததை அவர் கணக்கெடுத்தார். 9,000க்கும் மேற்பட்ட நடப்புச் சஞ்சிகைகளில் ஏறத்தாழ அரைவாசியை அவ்வாண்டு ஒருவர்கூட இரவல் கேட்கவில்லை. 'ஆகவே அவற்றைத் தள்ளிவிடுக' என்று அவர் சொல்லவில்லை. பலரும் நாடுவதை ஒவ்வொரு நூல் நிலையமும் வைத்துக்கொள்ளட்டும். அருகி நாடப்படுவதை நாடு முழுவதற்கும் ஓரிடத்தில் வைத்துக் கேட்பவர்க்கு அஞ்சலில் அனுப்பலாம் என்றார். அக்கருத்தின்படி யோர்க்சயர்ப் பகுதியிலே போஸ்டன் ஸ்பா என்னும் ஊரில், முன்னர் வெடிமருந்துத் தொழிற்சாலை இருந்த நிலத்தில், 1962இல் தேசிய இரவல் நூல் நிலையம் திறக்கப்பட்டது. பயன்பாட்டைக் கணக்கெடுப்பது குறைப்பதற்கு மட்டுமன்று, பகிர்வதற்கும் உதவும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ? இந்தியாவும் 1952இலேயே தில்லியில் ஒரு தேசிய விஞ்ஞான ஆவண நிலையத்தை நிறுவி, வேண்டுவோர்க்குக் கட்டுரைப் பிரதிகளை அனுப்பத் தொடங்கியிருந்தது.

இவ்வளவில் அளவுகோல் உருவாகிவிட்டது. ஆனால் அளக்கப்படும் பொருளின் விலை மாறத் தொடங்கியது. இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர் அரசுகள் விஞ்ஞானத்துக்குப் பெரும் பொருள் ஒதுக்கின. ஆராய்ச்சியாளர் பெருகினர், கட்டுரைகள் பெருகின, அறிஞர் சங்கங்களால் அத்தனையையும் வெளியிட முடியவில்லை. அந்த இடைவெளியிலே வியாபாரப் பதிப்பாளர் புகுந்தனர். 1951இல் இரொபேட் மக்ஸ்வெல் 'பேர்கமன்' என்னும் பதிப்பகத்தைக் கைக்கொண்டு நூற்றுக்கணக்கான சஞ்சிகைகளை உருவாக்கினார். அது 1991இல் எல்சவியர் நிறுவனத்துக்குக் கைமாறிற்று.

இந்த வியாபாரத்தின் இயல்பு பிற வியாபாரங்களின் இயல்பன்று. கட்டுரை எழுதும் அறிஞர் கூலி கேட்பதில்லை. அதனைப் படித்துத் தகுதி கூறும் அறிஞரும் பெரும்பாலும் கூலி பெறுவதில்லை. இருவருக்கும் சம்பளம் கொடுப்பது பல்கலைக்கழகம். அதே பல்கலைக்கழகம் அந்தக் கட்டுரையை விலை கொடுத்து வாங்குகிறது. மேலும், அரிசிக்கு இன்னொரு கடையை நாடலாம். ஒரு சஞ்சிகையில் வந்த கட்டுரைக்கு இன்னொரு சஞ்சிகை ஈடாகாது. விலையை உயர்த்துவோர்க்கு இதனினும் வசதியான சந்தை வேறில்லை. 1986 முதல் 2003 வரையான காலத்தில், வட அமெரிக்காவின் பெரிய ஆராய்ச்சி நூல் நிலையங்கள் ஒரு சஞ்சிகைக்குக் கொடுத்த சராசரி விலை மூன்று மடங்குக்கு மேலாயிற்று. அக்காலத்தில் பொதுவான விலைவாசியோ இரண்டு மடங்கையும் எட்டவில்லை. 2012இல் ஹாவர்ட் பல்கலைக்கழகமே, சில பெரிய பதிப்பாளரின் சஞ்சிகைகளுக்கு ஆண்டுக்கு 37½ இலட்சம் டொலர் போகிறது, இது தாங்க முடியாதது எனத் தன் ஆசிரியர்களுக்கு அறிவித்தது. செல்வத்தின் சிகரத்தில் நிற்பதே இவ்வாறு முறையிட்டதாயின், நிலாவெளி வீதியிலுள்ள சிறு வளாகத்தின் நிலை சொல்லாமலே விளங்கும்.

விலை ஏறிய காலத்திலேதான் பயன்பாட்டுக் கணக்கு கூர்மை பெற்றது. பிட்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்திலே அலன் கென்ட் தலைமையில் நடந்த ஆய்வு 1979இல் வெளிவந்தது. 1969இல் அங்கு வாங்கிய நூல்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 வீதம், 1975 முடியும்வரை ஒருமுறைகூட இரவல் போகவில்லை என அது காட்டிற்று. பின்னர் சஞ்சிகைகள் மின்னிதழ்களாக மாறியபோது, யார் எதனைத் திறந்தனர் என்பதை இயந்திரமே எண்ணத் தொடங்கியது. அந்த எண்ணிக்கை எல்லா நிறுவனங்களிலும் ஒரே முறையில் இருத்தல் வேண்டும் எனக் கருதி, நூலகரும் பதிப்பாளரும் சேர்ந்து 2002இல் 'கவுன்ரர்' என்னும் அமைப்பை நிறுவினர். ஒரே வாசகர் ஒரே கட்டுரையை 30 வினாடிக்குள் இருமுறை அழுத்தினால் அதனை ஒன்றாகவே எண்ணுவது அதன் விதிகளுள் ஒன்று.

இதிலிருந்து பிறந்ததே, ஒரு வாசிப்புக்கு எவ்வளவு செலவு என்னும் கணக்கு. ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பார்க்கலாம். ஒரு சஞ்சிகையின் ஆண்டுச் சந்தா 600 டொலர். அவ்வாண்டில் 300 முறை கட்டுரைகள் திறக்கப்பட்டன. ஒரு வாசிப்புக்கு 2 டொலர். மற்றொன்றின் சந்தா 120 டொலர்; திறக்கப்பட்டது 3 முறை. ஒரு வாசிப்புக்கு 40 டொலர். பார்வைக்கு மலிவான இரண்டாவதே உண்மையில் விலையேறியது. தனிக் கட்டுரை ஒன்றைப் பதிப்பாளரிடம் வாங்க வழக்கமாக 30 முதல் 40 டொலர்வரை ஆகும். ஆகவே இரண்டாவதன் சந்தாவை நிறுத்திவிட்டு, வேண்டிய கட்டுரையை மட்டும் வாங்கினாலும் நட்டமில்லை. இத்தகைய கணக்கைப் போட்டுப் பாராமற் சந்தாவைப் புதுப்பிப்பது, பொதுப்பணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு செலவிடுவதாகும்.

ஆயினும் இக்கணக்கைத் தீர்ப்பாகக் கொள்வதில் ஓர் ஆபத்து இருக்கிறது. திறந்தவரெல்லாம் படித்தவர் அல்லர். தேர்வுக்கு முன் நூறு மாணவர் ஒரே கட்டுரையைத் திறந்திருக்கலாம். ஓர் ஆராய்ச்சியாளர் ஒரே கட்டுரையை ஒருமுறை திறந்து ஆறு மாதம் அதனோடு வாழ்ந்திருக்கலாம். இயந்திரம் முன்னதற்கு நூறும் பின்னதற்கு ஒன்றும் போடும். அன்றியும், ஒரு சஞ்சிகை பயன்படாமைக்குக் காரணம் அதன் தகுதியின்மையாக இல்லாமல், அது நூல் நிலையத்தில் உண்டு என்பதை எவரும் மாணவர்க்குச் சொல்லாமையாகவும் இருக்கலாம். இரங்கநாதனின் மூன்றாம் விதி இங்கே கண்முன் நிற்கிறது. நூலுக்கு வாசகர் இல்லையெனின், நூலைக் குறை கூறுமுன் வாசகரைத் தேடச் சென்றோமா என்று நூல் நிலையம் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சித்த மருத்துவத்தை எடுத்துக்கொள்வோம். கணினி விஞ்ஞானம் படிப்போர் உலகெங்கும் பல இலட்சம். சித்த மருத்துவம் படிப்போர் தமிழர் வாழும் நிலங்களிலே சில ஆயிரம். உலக அளவிலே சுட்டுகளை எண்ணி வகுக்கும் எந்த வரிசையிலும் சித்த மருத்துவச் சஞ்சிகை மேலிடம் பெறாது. வளாகத்திற்குள் எண்ணினாலும் அதன் வாசகர் ஒரு கையளவினரே. கணக்கை மட்டும் நம்பினால் முதலில் வெட்டப்படுவது அதுவாகவே இருக்கும். ஆனால் அத்துறையைக் கற்பிக்கும் நிறுவனங்கள் இலங்கையில் மிகச் சில. அங்கே அதனை வாங்காவிடின் வேறெங்கே வாங்குவது? பிராட்போர்ட் கண்ட வெளிவட்டம், திருகோணமலையிலே நடுவட்டமாகிவிடுகிறது. எந்த நிலத்தில் நின்று அளக்கிறோம் என்பதைப் பொறுத்தே அளவு பொருள் பெறும்.

கடலும் இதற்கொரு சான்று. 1980களின் முற்பகுதியிலே 'டுலிப்' என்னும் பாய்மரக் கப்பலில் வந்த வெளிநாட்டு ஆராய்ச்சியாளர், திருகோணமலைக்கு அப்பாலுள்ள ஆழ்கடலிலே திமிங்கிலங்களை ஆராய்ந்தனர். உலகின் மிகப் பெரிய உயிராகிய நீலத் திமிங்கிலம் துறைமுக வாயிலுக்கு இத்துணை அண்மையில் வருகிறது என்ற செய்தி அவ்வாராய்ச்சிகளால் உலகுக்குத் தெரிந்தது. இத்தகைய ஆராய்ச்சிகளின் முடிவுகள் பெரும்பாலும் வெளிநாடுகளிலேயே அச்சேறுகின்றன. ஒரு கடலைப் பற்றி எழுதப்பட்டதை அக்கடற்கரையிலே பிறந்த மாணவர் படிக்க வேண்டுமாயின், டொலர் கொடுத்தே படிக்க வேண்டும் என்பது எண்ணத்தக்கதொரு நிலை.

அந்த டொலரின் வலிமையை 2022ஆம் ஆண்டு இலங்கை மக்கள் அனைவர்க்கும் உணர்த்திற்று. அவ்வாண்டுத் தொடக்கத்திலே ஒரு டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபா. மே மாதத்தில் 360 ரூபா அளவாயிற்று. ஏப்ரிலில் அரசு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்திற்று. எரிபொருளுக்கும் மருந்துக்கும் அந்நியச் செலாவணி இல்லாதிருந்த நாட்கள் அவை. நூல் நிலையக் கணக்கிலே அது எவ்வாறு விழுந்திருக்கும் என்பதைச் சிறு பெருக்கல் காட்டும். 1,000 டொலர்ச் சந்தா சனவரியில் 2 இலட்சம் ரூபா. மே மாதத்தில் 3 இலட்சத்து 60 ஆயிரம் ரூபா. சஞ்சிகை ஒரு பக்கமும் கூடவில்லை. வாசகர் ஒருவரும் குறையவில்லை. ஆனால் ஒதுக்கிய தொகை மாறாதிருப்பின், முன்னர் ஒன்பது சஞ்சிகை வாங்கிய பணத்துக்கு அப்பொழுது ஐந்தே கிடைக்கும்.

அச்சுக் காலத்திலே சந்தாவை நிறுத்தினாலும் பழைய இதழ்கள் அலமாரியில் நிலைத்திருந்தன. மின்னிதழ்க் காலத்திலோ, பல உடன்படிக்கைகளில், சந்தா நின்றவுடன் பழைய இதழ்களின் வாயிலும் அடைபடுகிறது. பணம் கொடுத்தது உடைமைக்கன்று, வெறும் நுழைவுக்கே. ஆகவே தவறானதை வெட்டிவிட்டால் அதன் தண்டம் முன்னையிலும் பெரிது.

இந்த இக்கட்டிலிருந்து வெளியேற உலகம் சில வழிகளைக் கண்டிருக்கிறது. ஒன்று, கூடி நின்று விலை பேசுதல். கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பத்து வளாகங்களும் எல்சவியர் நிறுவனத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 110 இலட்சம் டொலர் செலுத்திவந்தன. 2019 பெப்ரவரியில் அப்பல்கலைக்கழகம் உடன்படிக்கையைப் புதுப்பிக்க மறுத்தது. தன் பேராசிரியர் எழுதும் கட்டுரைகள் உலகினர் அனைவரும் இலவசமாகப் படிக்கத் திறந்திருக்க வேண்டும் என்பது அதன் கோரிக்கை. ஈராண்டுகள் சஞ்சிகைகளின்றிச் சமாளித்தது. கையிலிருந்த பயன்பாட்டுக் கணக்கு அதற்குத் துணிவு தந்தது. 2021 மார்ச்சிலே பதிப்பாளர் இணங்கி வந்து புதிய உடன்படிக்கை எழுதினர்.

இந்தியா வேறோர் அளவிலே அதனைச் செய்தது. 2024 நவம்பர் 25ஆந் திகதி இந்திய அமைச்சரவை, 'ஒரே நாடு, ஒரே சந்தா' என்னும் திட்டத்துக்கு மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபா ஒதுக்கிற்று. 30 பதிப்பாளரின் ஏறத்தாழ 13,000 சஞ்சிகைகள், 6,300க்கு மேற்பட்ட அரச கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்குத் திறக்கப்படும். வகுத்துப் பார்த்தால் ஒரு நிறுவனத்துக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 32 இலட்சம் இந்திய ரூபா. தஞ்சைப் பக்கத்துச் சிற்றூர்க் கல்லூரியும் தில்லிப் பெருநிறுவனமும் ஒரே பந்தியில் அமரலாம் என்பது இதன் சிறப்பு. எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கும்போது, மாணவர் நாடாத ஆயிரக்கணக்கான சஞ்சிகைகளுக்கும் சேர்த்தே பணம் போகும் என்பது இதன் குறை. மூன்றாண்டு முடிவிலே எண்ணிப் பார்த்தாலன்றி எது மிகுதி என்று கூற இயலாது.

இரண்டாவது வழி, வளர்முக நாடுகளுக்கான சலுகை. 2002இல் உலக சுகாதார நிறுவனம் பதிப்பாளர்களை இணங்கச் செய்து, 'ஹினாரி' என்னும் திட்டத்தின் மூலம் மருத்துவச் சஞ்சிகைகளை இலவசமாகவோ சிறு கட்டணத்துக்கோ வழங்கத் தொடங்கியது. இலங்கையின் மருத்துவ மாணவர் அதனாற் பயன் பெற்றிருக்கின்றனர். ஆனால் சலுகை என்பது கொடுப்பவர் கையில் உள்ளது. அதனையே நம்பி நூல் நிலையம் கட்ட முடியாது.

மூன்றாவது வழி, தாமே எழுதித் தாமே வெளியிட்டு யாவர்க்கும் திறந்துவைத்தல். 2008இல் தொடங்கி, தேசிய விஞ்ஞான மன்றத்தின் பொறுப்பிலே நடந்துவரும் இலங்கைச் சஞ்சிகைகள் இணையத்தளம், இந்நாட்டு ஆராய்ச்சிச் சஞ்சிகைகளை உலகினர் கட்டணமின்றிப் படிக்க வைத்திருக்கிறது. பண்டைய அறிஞர் சங்கங்களின் அறிவுமாற்று புதிய உருவிலே திரும்பியிருக்கிறது எனலாம். ஆனால் வெளிநாட்டுச் சஞ்சிகைகள் பல, படிப்பவரிடம் வாங்காத பணத்தை எழுதுபவரிடம் வாங்கத் தொடங்கியுள்ளன. ஒரு கட்டுரைக்கு ஆயிரக்கணக்கான டொலர் கேட்கும் வாயிலிலே, எளிய நாட்டு அறிஞர் வாசகராக நுழையலாம். எழுத்தாளராக நுழைவது அரிது.

இவற்றையெல்லாம் சேர்த்து நோக்கின், கோணேசபுரி போன்ற ஒரு வளாகத்தின் நூலகருக்கு வரலாறு தரும் அறிவுரை பெரிய இரகசியம் எதுவுமன்று. இரங்கநாதனைப்போல முதலிலே பதிவு வைத்தல் வேண்டும். வரவு, வாசிப்பு, செலவு மூன்றும் ஒரே ஏட்டில் இருத்தல் வேண்டும். பிராட்போர்ட் காட்டியபடி ஒவ்வொரு துறைக்கும் உள்வட்டத்தைக் கண்டு அதனை உறுதியாகப் பிடித்துக்கொள்ளுதல் வேண்டும். ஏர்க்காட் செய்தபடி, அருகி நாடப்படுவதைப் பேராதனை, கொழும்பு, யாழ்ப்பாணம் முதலிய பல்கலைக்கழகங்களோடு பகிர்ந்து, ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புதல் வேண்டும். வெட்ட எண்ணிய சஞ்சிகையின் பெயரை முதலில் அத்துறை ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் காட்டி, 'இஃது இல்லாவிடின் எது நின்றுபோகும்?' என்று கேட்டபின் வெட்டுதல் வேண்டும். எண் சாட்சியாக நிற்கட்டும். தீர்ப்பு மனிதர் கையில் இருக்கட்டும்.

சீனன்குடாக் குதங்கள் வெறுமையாக நின்ற காலத்திலே, அவற்றை இடித்து இரும்பாக விற்பதே மேல் என்று ஒருவர் கணக்குப் போட்டிருந்தாற் பிழை சொல்ல முடியாது. ஏனெனில் அன்றைய பயன் மிகச் சிறிது. ஆயினும் 2022இல், ஒரு போத்தல் எண்ணெய்க்காக மக்கள் வீதியோரத்தில் இரவு பகலாகக் காத்து நின்றபோது, அக்களஞ்சியங்களின் அருமை எல்லோர்க்கும் புரிந்தது. நூல் நிலையத்து அலமாரியின் கடைசித் தட்டிலும் அவ்வாறு சில சஞ்சிகைகள் இருக்கும். இன்று அவற்றைக் கேட்டு வரும் மாணவர் ஒருவராக இருக்கலாம். அந்த ஒருவரின் பெயரையும் பதிவேட்டில் எழுதி வைத்துவிட்டு, அதன் பின்னரே செலவுக் கணக்கைக் கூட்டுவது முறையாகும்.